பாப்பாப் பாட்டின் யாப்பு

(சங்கத்தின் இலக்கியக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்டிருப்பது பாரதியாரின் 'பாப்பாப் பாட்டு'. அறிவிப்பைக் கண்ட அன்பர் சிலர், "பேசுவதற்குக் கம்பன் இல்லையா, சிலம்பு இல்லையா? மழலை வகுப்புப் பாட்டுக்கு ஓர் இலக்கியக் கூட்டமா?" என்று வினவினர். வினாவில் நியாயம் உண்டு. இந்த அவையில் இப்பாட்டை அறியாதவர் ஒருவரும் இரார். தமிழ் எழுத்தையே மறந்துவிட்டவர்க்கும் இதன் முதல் நான்கு வரிகள் மறப்பதில்லை. ஆனால் அதுவே நம் ஆராய்ச்சிக்கு வாய்ப்பு. பாட்டு உங்கள் எல்லோர் நெஞ்சிலும் இருக்கிறது; ஆகையால் நாம் வரிகளை எடுத்துச் சொல்லப் போவதில்லை. யாம் எண்ணைச் சொல்லும்போது நீங்கள் மனத்துக்குள் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு வந்தால் போதும்.

பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தார். கண்ணன் பாட்டு, குயில் பாட்டு, பாஞ்சாலி சபதம் ஆகியவை பிறந்த காலம் அது. பாப்பாப் பாட்டும் அக்காலத்ததே. இன்று பதிப்புகளிற் பரவலாக வழங்கும் பாடத்தின்படி இதில் 16 பாட்டுகள் உள்ளன. பாட்டுக்கு நான்கு வரியாக 64 வரிகள். விளையாட்டிலும் பறவை விலங்குகளிலும் தொடங்கி, நாளின் ஒழுங்கு, ஒழுக்கம், அஞ்சாமை, தாய்நாடு, சாதி, உயிரன்பு என்று அது நடந்து செல்கிறது. பொருளை எல்லோரும் சொல்வார்கள். நாம் உருவத்தைப் பார்ப்போம்.

முதலிற் சந்தம். அச்சில் நான்கு வரியாகத் தோன்றினாலும் செவிக்கு இவை இரண்டு நீண்ட அடிகளே. முதல் வரியின் இறுதியில் ஒரு சிறு சொல் தனியே தொங்கிக்கொண்டு நின்று, இரண்டாம் வரியைக் கைபிடித்து இழுக்கிறது. மூன்றாம் வரிக்கும் நான்காம் வரிக்கும் அவ்வாறே. யாப்பிலக்கணத்தார் இதனைத் தனிச்சொல் என்பர். தனிச்சொல்லையும் சேர்த்து எண்ணினால் ஓர் அடிக்கு மூன்று, ஒன்று, மூன்று என ஏழு சீர்கள். ஆனால் கைத்தாளம் போட்டுப் பாடிப் பாருங்கள்; எட்டுத் தட்டு விழும். எட்டாவது தட்டுக்கு எழுத்துக் கிடையாது. அங்கே குழந்தை மூச்சு வாங்குகிறது. ஒரு பாட்டில் இரண்டு முறை, பதினாறு பாட்டில் முப்பத்திரண்டு முறை, அந்த மௌனம் தவறாமல் வருகிறது. மூன்று வயதுக் குழந்தையும் மூச்சு முட்டாமல் இதைப் பாடி முடிப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த அச்சு பாரதியார் புதிதாக வார்த்ததன்று. எண்சீர் அடி, நடுவே தனிச்சொல், இரண்டடிக்கும் ஓரெதுகை என்ற அமைப்பு நொண்டிச் சிந்துக்கு உரியது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் நொண்டி நாடகம் என்றொரு கூத்து தமிழ்நாட்டில் வழங்கிற்று. திருடிப் பிடிபட்டுக் கால் இழந்த ஒருவன், ஒற்றைக் காலுடன் மேடைக்கு வந்து தன் கதையைத் தானே பாடி, இறைவன் அருளாற் கால் பெறுவது அதன் கதை. சீதக்காதி நொண்டி நாடகம், திருச்செந்தூர் நொண்டி நாடகம் என்பன கற்றோர் அறிந்தவை. 1912இல் முதற்பாகம் வெளிவந்த பாஞ்சாலி சபதத்திற்குப் பாரதியார் பெரிதும் பயன்படுத்தியது இந்தச் சிந்தையே. அதனையொத்த அச்சிலே தான் குழந்தையையும் ஓடச் சொல்கிறார். நொண்டிக்கு வாய்த்த சந்தத்தில் ஒரு குழந்தை ஓடுகிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எமக்கு ஒரு மகிழ்ச்சி. (பத்தாம் பாட்டில் அழுகின்ற குழந்தைக்கு அந்தச் சொல்லையே அடைமொழியாக்கியிருக்கிறார் கவிஞர். இன்று அச்சொல் நம் காதை உறுத்தவே செய்கிறது. கால் ஊனமுற்ற குழந்தை வகுப்பில் இருக்கும்போது ஆசிரியர் அதைக் கடக்கத் தயங்குவது இயல்பு. சொல்லை மறைக்காமல், அது அக்காலத்து வழக்கு என்று சொல்லிக் கடப்பதே நேர்மை என்பது எம் கருத்து.)

சிந்து என்பது புலவர் அவையில் வளர்ந்த பாவன்று. தெருவிலும் கோயில் வழியிலும் வளர்ந்தது. எட்டயபுரத்துக்கு அண்மையில் உள்ள கழுகுமலை முருகன்மீதுதான் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச் சிந்து பாடினார். அந்த ஓசை நிறைந்திருந்த வட்டாரத்தில் 1882இல் பிறந்த பாரதியார்க்குச் சிந்து கைவந்ததில் வியப்பில்லை. வியப்பு வேறிடத்தில் உள்ளது. தெருப்பாட்டின் உருவத்தை எடுத்துக்கொண்டவர் அதில் இலக்கணக் கட்டுப்பாட்டைச் சிறிதும் தளர்த்தவில்லை. முப்பத்திரண்டு அடிகளிலும் முதற்சீருக்கும் தனிச்சொல்லை அடுத்த சீருக்கும் மோனை பொருந்தியிருக்கிறது. ஓரிடத்திலும் பிழையில்லை. வகரத்துக்கு மகரம், சகரத்துக்குத் தகரம் என்று இலக்கணம் இசைகின்ற இன மோனையும் அவற்றுள் அடங்கும். பதினாறு பாட்டிலும் எதுகையும் அவ்வாறே. முதலெழுத்தின் குறில் நெடில் அளவுகூட எங்கும் மாறவில்லை. பெரும்புலவர்க்குச் செய்யும் மரியாதையை ஒரு குழந்தைக்குச் செய்திருக்கிறார்.

எதுகைச் சொற்கள் வெறும் ஓசைக்காக வந்து நிற்கவில்லை என்பதையும் நோக்குக. காலைக்கு மாலை, அது எளிது, எவரும் செய்வர். துன்பத்துக்கு எதுகையாக அன்பு வருகிறது. தமிழுக்கு அமிழ்து, உயிருக்கு வயிரம். பதினைந்தாம் பாட்டில் சாதிக்கு எதிரே எந்தச் சொல் நிற்கிறது? நீதி. அதற்குப் பின்னர் வருவோம்.

இனித் திரும்பத் திரும்ப வரும் அந்தச் சொல்லுக்கு வருவோம். அடியின் தொடக்கத்தில் ஒன்றி வருவன மோனையும் எதுகையும். இறுதியில் ஒன்றி வருவது இயைபு. தொல்காப்பியர் காலந்தொட்டு இயைபுக்கு இலக்கணம் உண்டு. ஆனால் நம் பழம்புலவர் எதுகையைப் போற்றிய அளவுக்கு அதனைப் போற்றவில்லை. பாரதியார் இப்பாட்டு முழுவதையும் இயைபின்மேல் நிறுத்தியிருக்கிறார். அதுவும் ஒரே சொல்லின்மேல். 'பாப்பா' என்பது நேர் நேர், தேமாச் சீர். நெடில், அதை அழுத்தும் ஒற்று, மீண்டும் நெடில். இதழ் இரண்டும் ஒட்டிப் பிரியும் ஒலி. குழந்தை வாய் முதலிற் பழகும் ஒலிகளில் ஒன்று. அதனாலேயே அச்சொல் குழந்தைக்குச் சொல்லப்படுவதாகவும் இருக்கிறது, குழந்தையே சொல்லிக்கொள்வதாகவும் இருக்கிறது.

ஔவையின் ஆத்திசூடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே ஆணை உண்டு; ஆணை யாருக்கு என்பது இல்லை. ஊரில் உள்ள பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுவாகத் திண்ணையிலிருந்து வரும் குரல் அது. பாரதியாரே எழுதிய புதிய ஆத்திசூடியும் அத்தகையதே. பாப்பாப் பாட்டில் ஒவ்வோர் ஆணையின் இறுதியிலும் ஒரு முகம் தெரிகிறது. சொல்லி முடித்ததும் தகப்பன் குனிந்து பார்க்கிறான். அந்தப் பாப்பா பெண் குழந்தை என்பதும் நான்காம் பாட்டில் வெளிப்படுகிறது. பெண்பாலாரை விளிக்கும் 'அடி' என்ற அசை அங்கே முதன்முதலாக வருகிறது. பாரதியார்க்கு தங்கம்மாள், சகுந்தலா என இரு பெண்மக்கள் இருந்தமை நாம் அறிந்ததே.

அச்சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தோம். எண்ணுவது புலமையாகாது, எனினும் சிலவேளை எண்ணாமல் ஒன்றும் தெரிவதில்லை. 64 வரிகளில் 36 வரிகள் 'பாப்பா' என்று முடிகின்றன. ஆனால் அந்த முப்பத்தாறும் சமமாகப் பங்கிடப்படவில்லை. முதற்பாட்டில் நான்கு வரியிலும் வருகிறது, இரண்டாவதிலும் மூன்றாவதிலும் இரண்டிரண்டு, நான்காவதில் மூன்று. ஐந்திலும் ஆறிலும் ஒன்றே ஒன்று, அதுவும் கடைசி வரியில். ஏன்? ஐந்தாம் பாட்டு விலங்குகளின் வரிசை. ஆறாம் பாட்டு ஒரு நாளின் வரிசை. பட்டியல் சொல்லும்போது இடையிடையே கூப்பிட்டால் குழந்தைக்கு வரிசை மறந்துவிடும். ஆகவே விளியை அடக்கி வைத்து, முடிவிற் கொடுக்கிறார். ஏழாம் பாட்டில் மறுபடியும் நான்கு வரியிலும் 'பாப்பா'. நான்கு வரிக்கும் விளி வருவது முதற்பாட்டிலும் ஏழாம் பாட்டிலும் மட்டுமே. விளையாட்டு முடிந்து ஒழுக்கம் தொடங்கும் இடம் ஏழு. ஆகவே அதை இரண்டாம் தொடக்கமாகக் கொள்வதே பொருத்தம். தலைப்பு எழுதாமல், எண் குறிக்காமல், கூப்பிடும் குரலைக் கொண்டே அதிகாரம் பிரித்திருக்கிறார்!

இன்னொரு சொல்லும் திரும்ப வருகிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. 'ஆகாது' என்பது அச்சொல். சும்மா இருத்தல், கோள் சொல்லுதல், அஞ்சுதல், சோர்தல் ஆகிய நான்கையும் விலக்கும்போது அது வருகிறது. முதலாம், ஏழாம், எட்டாம், ஒன்பதாம் பாட்டுகள் நான்கிலும் அது அமர்ந்திருப்பது இரண்டாம் வரியில், 'பாப்பா'வுக்கு முந்திய ஒரே இருக்கையில். குழந்தையின் காது அந்த இடத்தில் மறுப்பை எதிர்பார்க்கப் பழகிவிடுகிறது. நீண்ட அறிவுரையைக் குழந்தை வெறுப்பதும், இப்பாட்டைக் கேட்டு வெறுக்காதிருப்பதும் இவ்வாறான பழக்கத்தால் விளைவன.

தனிச்சொற்களுக்கு வருவோம். வரியின் ஓரத்தில் தொங்கும் சின்னஞ்சிறு சொற்கள். ஓசைக்காக ஒட்டியவை என்று எண்ணத் தோன்றும். முதலிரண்டு பாட்டுகளில் அந்த இடத்தில் மூன்று முறை 'நீ' வருகிறது. ஓடுவதும் பறப்பதும் மகிழ்வதும் நீ. எட்டாம் பாட்டுக்கு வாருங்கள். தீயோரைக் காணும் இடம். அங்கே தொங்கும் சொல் மாறிவிடுகிறது: 'நாம்'. ஒன்பதாம் பாட்டு, துன்பம் வரும் இடம், அங்கும் 'நாம்'. விளையாட்டுக்குக் குழந்தையைத் தனியே அனுப்பிய தகப்பன், அச்சத்தின் முன்னும் துன்பத்தின் முன்னும் அவளைத் தனியே நிறுத்தவில்லை. தானும் பக்கத்தில் வந்து நிற்கிறான். அப்படி நின்ற பிறகே அவளை எதிர்க்கச் சொல்கிறான்.

எட்டாம் பாட்டைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஆண்டு விழாவிற் பாடும் குழந்தைகளுக்கு நேரம் குறைவு. ஆகவே சில பாட்டுகளை விட்டுவிடலாம் என்று ஒரு கருத்து எழுந்தது. விடுவதற்குக் குறித்த பாட்டுகளில் எட்டாவதும் இருந்தது, பதினைந்தாவதும் இருந்தது. எட்டாவதில் முகத்தில் உமிழ்வது பற்றிய சொல் இருப்பதால் மேடைக்கு நாகரிகமாக இராது என்பது ஒரு தாயாரின் வாதம். அவர் கருத்தை இகழ்வதற்கில்லை. ஆயினும் ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், பெண் குழந்தைக்கு அடக்கமே அணி என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு தகப்பன் தன் மகளிடம் அஞ்சாதே என்று மட்டும் சொல்லாமல், கையையும் காலையும் வாயையும் பயன்படுத்து என்று சொல்லியிருக்கிறான். தலைநகரத்துப் பேருந்தில் நம் பெண்கள் தனியே சென்று வருகிறார்கள். அவர்களுக்கு நாகரிகத்தைக் காட்டிலும் அந்தப் பாட்டு பயன்படும். மேலும், அதை நீக்கினால் 'நீ' என்பது 'நாம்' ஆகும் திருப்பமும் போய்விடும். ஒன்பதாம் பாட்டில் 'நாம்' எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

இனி, நம்மைப்போல் ஊர் விட்டு ஊர் வந்து வாழ்வோர்க்கே உரிய ஒரு சங்கடம். கரோல் பாக்கிலும் இராமகிருஷ்ணபுரத்திலும் மயூர் விஹாரிலும் நம் வீட்டுக் குழந்தைகள் இப்பாட்டை எப்படிக் கற்கிறார்கள்? பலர் இந்தி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு கற்கிறார்கள். ஆர்வத்தைப் பாராட்டுகிறோம். ஆனால் இந்தி எழுத்தில் எகர ஒகரக் குறில்களுக்கு வழக்கில் எழுத்தில்லை. மூன்றாம் பாட்டில் ஏமாற்றித் திருடும் காக்கையைச் சொல்ல வந்த 'எத்தி', அங்கே 'ஏத்தி' ஆகிவிடுகிறது. ஏத்துதல் என்றால் துதித்தல். திருட்டுக் காக்கை பக்தக் காக்கையாகி விடுகிறது! ஏழாம் பாட்டின் முதற்சொல் 'பொய்'. அது 'போய்' ஆனால், பொய் சொல்லுதலை விலக்கிய பாட்டு போய்ச் சொல்லுதலை விலக்குவதாக முடிகிறது. தனிச்சொல்லாக வரும் 'ஒரு' என்பதும் 'ஓரு' என்று நீண்டு தாளத்தைத் தடுக்கிறது. 'பாப்பா'வில் உள்ள ஒற்றை அழுத்தாமல் சொன்னால் தேமாவின் எடை போய்ச் சீர் சப்பென்று விழுகிறது. அதுமட்டுமன்று; இங்குள்ள பேச்சில் அச்சொல்லுக்கு அப்பா என்று பொருள். ஒத்திகையின்போது கேட்டுக்கொண்டிருந்த அண்டை வீட்டு இந்திச் சிறுவன் ஒருவன், "அப்பாவை ஏன் இத்தனை முறை அதட்டுகிறார்கள்?" என்று கேட்டானாம். நகைத்துவிட்டு விடுவதற்குரிய செய்திதான். எனினும் இந்தப் பாட்டின் சந்தம் குறில் நெடில் வேறுபாட்டின்மேல் நிற்கிறது. அந்த வேறுபாட்டைத் தாங்கும் எழுத்தில் அன்றி வேறு எழுத்தில் அதற்கு உடம்பு சரிவர அமையாது. பதினாறு பாட்டைத் தமிழில் எழுதப் படிக்கக் கற்பதற்கு ஒரு கோடை விடுமுறை போதும்.

நம் நிலைக்கு மிகவும் பொருந்துவது பன்னிரண்டாம் பாட்டு. அதன் முதலடி தமிழைப் பற்றியது. இரண்டாம் அடி பாரத நாட்டைப் பற்றியது. தமிழுக்கு வணக்கமும் கல்வியும். நாட்டுக்கு நாள்தோறும் புகழ்ச்சி. இரண்டு அடிக்கும் நடுவில் தொங்கும் தனிச்சொல்லைப் பாருங்கள். இரண்டிடத்தும் ஒரே சொல்: 'அதை'. இரண்டு அடியும் 'அடி பாப்பா' என்றே முடிகின்றன. இரண்டாம் பாட்டில் 'நீ' இவ்வாறு இரட்டித்தது. பன்னிரண்டில் 'அதை' இரட்டிக்கிறது. தமிழை ஒரு தட்டிலும் நாட்டை ஒரு தட்டிலும் வைத்து, தராசின் இரண்டு கயிற்றையும் ஒரே நூலால் திரித்ததுபோல் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம்மை நோக்கி, "நீங்கள் முதலில் யார்?" என்று சிலர் கேட்பதுண்டு. அந்த வினாவுக்கு நாம் விரிவுரை நிகழ்த்த வேண்டியதில்லை. இந்த யாப்பைக் காட்டினாற் போதும். பதின்மூன்றும் பதினான்கும் நல்ல பாட்டுகளே. ஆனால் மற்றவற்றின் உயரத்துக்கு அவை எழவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். மலையையும் முனையையும் கடலையும் எல்லை காட்டும் பதின்மூன்றில் பள்ளிக்கூடத்து நிலப்படத்தின் வாசனை சற்று அடிக்கிறது.

பதினைந்தாம் பாட்டுக்கு வந்துவிட்டோம். சாதி இல்லை என்று சொல்லும் பாட்டு. யாவரும் அறிந்ததும், மேடைகளில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவதும் அதன் முதல் வரி. ஆனால் அதன் அமைப்பைக் கவனித்தவர் குறைவு. ஏனைய பதினைந்து பாட்டுகளும் 'பாப்பா' என்ற சொல்லில் முடிகின்றன. எத்தனை முறை விளி குறைந்தாலும் இறுதியிற் குழந்தையிடம் திரும்பி வந்துவிடுகின்றன. இந்த ஒரு பாட்டு மட்டும் திரும்பி வரவில்லை. முதல் வரியில் ஒருமுறை அவளைக் கூப்பிடுகிறார். பிறகு மூன்று வரிகள் அவள் பெயரே இல்லை. ஏவல் வினையும் ஒன்றுகூட இல்லை. செய் என்றோ செய்யாதே என்றோ அவளுக்கு ஒன்றும் சொல்லப்படவில்லை.

இதற்குக் காரணம் என்ன? குழந்தைக்குச் சாதி தெரியாது. தெரியாத ஒன்றை விலக்கு என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இல்லை என்று ஒரு வரியில் அவளுக்குச் சொல்லி முடித்தாயிற்று. எஞ்சிய மூன்று வரிகளும் அவள் தலைக்கு மேலாகப் பின்னால் நிற்கும் நம்மை நோக்கிச் சொல்லப்படுகின்றன. உயர்வு தாழ்வு பேசுவது பாவம் என்பது பேசுகின்றவர்க்கே அன்றி, பேசத் தெரியாத குழந்தைக்கு எதற்கு?

பாட்டு எந்தச் சொல்லில் முடிகிறது என்பதையும் பாருங்கள். பதினான்கு பாட்டுகளாகப் 'பாப்பா' அமர்ந்திருந்த இருக்கையில் 'மேலோர்' என்ற சொல் வந்து அமர்கிறது. பிறப்பைக் காட்டிச் சிலர் தமக்கென்று வைத்திருந்த சொல் அது. நீதி, அறிவு, கல்வி, அன்பு ஆகியவற்றை உரிமைச் சீட்டாகக் காட்டியவர்க்கே அச்சொல்லைக் கொடுக்கிறார் கவிஞர். தனிச்சொல்லாகத் தொங்குவது 'அன்பு'. எதுகையோ, முன்னர்ச் சொன்னபடி, சாதிக்கு நீதி. குழந்தை பாடிக்கொண்டே வருகிறது. வழக்கமான இடத்தில் வழக்கமான சொல்லை அதன் நாக்கு எதிர்பார்க்கிறது. அங்கே வேறொரு சொல் இருக்கிறது. ஒத்திகைகளில் குழந்தைகள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்று பாட்டுச் சொல்லிக் கொடுக்கும் அம்மையார் சொன்னார். அந்தத் தடுமாற்றம் குழந்தையின் குறையன்று. கவிஞர் வேண்டுமென்றே வைத்த படிக்கட்டு.

இந்தக் காலனியில் நாம் ஒரே கொடியின்கீழ்ப் பொங்கல் கொண்டாடுகிறோம். ஒரே பந்தியில் உண்கிறோம். ஊரிலே எந்தத் தெரு என்று ஒருவரை ஒருவர் கேட்பதில்லை என்று பெருமைப்பட்டுக்கொள்கிறோம். ஆனால் வீட்டில் வரன் தேடும் நாள் வந்ததும் நம் வாயிலிருந்து புறப்படும் முதற்கேள்வி எது என்பது நமக்குத் தெரியும். பிள்ளைகளுக்கும் தெரியும், கூடத்தில் அமர்ந்து தொலைபேசியில் பேசுகிறோம் அல்லவா? அந்தப் பிள்ளைகளைக் கொண்டே பதினைந்தாம் பாட்டை நேரமின்மையால் நீக்கிப் பாடச் செய்வோமானால், நேரம்தான் காரணம் என்று அவர்கள் நம்புவார்களா? பதினாறு பாட்டையும் நிதானமாகப் பாடினாலும் ஐந்து நிமிடத்துக்குள் முடியும். வரவேற்புரையில் ஐந்து நிமிடம் குறைத்தாற் போதும். (செயலாளர் அவர்கள் பொறுத்தருள்க!)

முடிவாகப் பதினாறாம் பாட்டு. இங்கே ஓர் அருமையான மாற்றம். இயைபுச் சொல் மூன்று வரிகளுக்கு மாறிவிடுகிறது. உயிரிடத்து அன்பு, மெய்ப்பொருளைத் தெளிதல், உறுதியான உள்ளம் ஆகிய மூன்றையும் சொல்லும் வரிகள் 'வேணும்' என்று முடிகின்றன. வேண்டும் என்று எழுதினாலும் சந்தம் கெடாது. ஆயினும் 'வேணும்' என்றே எழுதினார். அது வீட்டுச் சொல். குழந்தை பண்டம் கேட்கும்போது சொல்லும் சொல். அதுவரை பெரியவர் குழந்தையிடம் வேண்டியது போய், அன்பு வேணும், உறுதி வேணும் என்று குழந்தையே கையை நீட்டிக் கேட்பதுபோல் அவ்வரிகள் ஒலிக்கின்றன. பதினைந்தாம் பாட்டில் தனிச்சொல்லாகத் தொங்கிய அன்பு, பதினாறாவதன் முதல் வரியிலேயே வந்து சேர்ந்துகொள்கிறது. பதினைந்தை நீக்கிவிட்டுப் பதினாறைப் பாடினால் இத்தொடர்ச்சியும் அறுந்துபோம்.

மூன்று வேணுமுக்குப் பிறகு நான்காம் வரி. வாழும் முறை இதுவென்று சுட்டி, பதினைந்தாம் பாட்டில் விட்டுச் சென்ற அந்த இருக்கைக்குப் 'பாப்பா' மீண்டும் வந்து அமர்கிறாள். முப்பத்தாறாவது முறையாக, கடைசி முறையாக.

பாட்டுச் சொல்லிக் கொடுக்கும் தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். எட்டாவது தட்டை விழுங்கிவிட்டு அடுத்த அடிக்கு ஓடவிடாதீர்கள். அங்கே குழந்தை கையைத் தட்டட்டும், வாய் சும்மா இருக்கட்டும். ஆர்மோனியம் வாசிப்பவரும் அவ்விடத்தை நிரப்பாமல் விட்டுவிட வேண்டும். பதினைந்தாம் பாட்டின் இறுதியில் 'மேலோர்' என்ற சொல்லை நன்றாக நீட்டி நிறுத்திய பிறகு பதினாறாவதைத் தொடங்குங்கள்.